சுல்தானா, செகாமட்

"கையில் இருப்பதைக் கீழே போடு!"

ஜீப் பிரேக் அடித்த சத்தம் அடங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் யூசோப் கடைக்குள் வந்துவிட்டார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள். கலியாணசுந்தரம் ஈயம் பற்றவைக்கும் கம்பியை மேசைமேல் வைத்துவிட்டு மெல்ல எழுந்தான்.

மலாக்கா காஜா பெராங் சாலையில் அவனுடைய ரேடியோ ரிப்பேர் கடையைப் போலீஸ் எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கழற்றிப் போட்ட வால்வுகளையும் கம்பிச் சுருள்களையும் இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையே சரியில்லை. மெர்டேகாவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. ஆனால் ஜொகூர் காடுகளில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தபாடில்லை.

"நேற்று நீ தந்தி அடிக்கக் கொடுத்தாய். கவுண்டரில் இருந்தவருக்குச் சந்தேகம் வந்து எங்களிடம் கொடுத்துவிட்டார்." இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டபடி ஒரு தாளை நீட்டினார். "இது என்ன ரகசிய பாஷை?"

"தமிழ்தான் துவான். தந்தி மெஷின்ல எங்க எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதியாகணும். மெர்டேகா வந்தா மாத்துவாங்களோ என்னவோ!"

"வாய் இருக்கிறது உனக்கு. சரி, அர்த்தம் சொல்."

சொல்வதற்காக வாயைத் திறந்தான். அப்போதுதான் ஜீப்பிலிருந்து மூன்றாவது ஆள் இறங்கி, குடையை ஊன்றியபடி உள்ளே வந்தார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் நல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர். சனி ஞாயிறு மட்டும் செகாமட் வீட்டுக்குப் போய்வருபவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் ஒரு கசங்கல் இல்லை.

கலியாணசுந்தரத்தின் வாய் மூடிக்கொண்டது.

"சொல்லுமன் தம்பி. இவ்வளவு நேரமும் கதைச்சீர்தானே?" என்றார் நல்லையா.

"வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க துவான்" என்றான் கலியாணசுந்தரம், இன்ஸ்பெக்டரைப் பார்த்து.

"ஏன், என்ரை தமிழ் உமக்குக் காணாதோ?"

"வேறு ஆளிடமும் காட்டினேன்" என்றார் இன்ஸ்பெக்டர் எரிச்சலாக. "கம்போங் செட்டியில் ஒருவர் கடகடவென்று படித்தார். அர்த்தம் கேட்டால், தலைமுறையாக வீட்டில் மலாய்தான், தமிழ் தனக்குத் தெரியாது என்று சிரிக்கிறார். நீங்கள் படியுங்கள்."

நல்லையா தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் தமிழாக்கினார்.

"வெள்ளி காலை ரயில் ஏறு... தம்பின் ஸ்டேஷனில் நிற்பேன்... பெட்டியை அங்கேயே விட்டுவிடு... பெரியவருக்குத் தெரியுமுன் முடித்துவிடுவோம்."

அதையே மலாயில் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"பெட்டி! மலாயிலும் அது பெத்திதான். அந்த ஒரு வார்த்தை கண்ணில் பட்டுத்தான் எனக்குத் தூக்கமே போயிற்று. பெட்டியில் என்ன? குண்டா? யார் அந்தப் பெரியவர்? மெர்டேகா மேடையில் ஏறப் போகிறவரா?"

கலியாணசுந்தரம் நல்லையாவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"விசாரணை இல்லாமலே உன்னை உள்ளே வைக்க எனக்குச் சட்டம் இருக்கிறது, தெரியுமா?"

"தெரியும் துவான்."

"செகாமட்டில் இந்தச் சுல்தானா யார்?"

"ஆள் இல்ல துவான், ஜவுளிக்கடை. தந்திக்குன்னு அவங்க பதிஞ்சு வச்ச பேரு. அந்த ஒரு வார்த்தையும் ஊர் பேரும் போட்டா போதும், கடைக்குப் போயிரும். என் சிநேகிதன் ஜெயபாலன் அங்க வேலை செய்றான். அவன் எதிர்வீட்டுல குடுத்துருவான்."

"எதிர்வீட்டில் யாரிடம்?"

கலியாணசுந்தரம் தரையைப் பார்த்தான்.

நல்லையா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு தந்தியை மறுபடி படித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"தம்பி, பெட்டிக்குள்ளை என்ன?"

"நகை சார். அவங்க வீட்டு நகை. அதுல குண்டுமணி அளவுகூட எனக்கு வேணாம். அவளை மட்டும்தான் வரச் சொன்னேன்."

நல்லையா அதை மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டரின் முகம் ஒரு கணம் தளர்ந்து, மறுபடி இறுகியது.

"ஓடிப்போய்க் கல்யாணமா? நல்ல கதை. காட்டுக்காரனும் இதையேதான் சொல்வான். பெண் பேர் என்ன? தகப்பன் யார்? அவர் வந்து, ஆமாம், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்லட்டும், நான் போய்விடுகிறேன். இல்லையென்றால் ஜீப்பில் ஏறு."

"பேரைச் சொன்னா அவளை நாளைக்கே வேற எடத்துல கட்டிக் குடுத்துருவாங்க. நான் ஜீப்புலயே ஏறிக்கிறேன்."

"முட்டாளே! எப்போது வெளியே வருவாய் என்று எனக்கே தெரியாது!"

"வர்ற வரைக்கும் அவ இருப்பா துவான்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். கலியாணசுந்தரம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

இனி நல்லையாவுக்கு அங்கே வேலை இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். வெளியே கால் வைக்காமல் அங்கேயே நின்றார்.

"துவான், விலங்கு வேண்டாம்." அவர் திரும்பவில்லை. "அவன் சொன்னதெல்லாம் உண்மை. தந்தியைப் போகவிடுங்கள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தகப்பனைப் பார்த்துக் கேட்க வேண்டாமா?"

"அவரைத்தான் துவான், இவ்வளவு நேரமும் தந்தி படிக்க வைத்தீர்கள்."