இரும்பு வரம்பு

"ஒரு விரக்கடை எடங்கூட விடப்பிடாது, மேஸ்திரி. தொடங்கின எடத்துலயே வந்து முட்டணும்."

பகவதியப்பன் இப்படிச் சொன்னதும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி சொர்ணம்மாள் முற்றத்தில் இறங்கி வந்தாள்.

மேஸ்திரி ஞானையன், அவர்கள் வீட்டைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான். குலசேகரத்தில் எஸ்டேட் துரையின் பங்களாவில் பூப்பாத்தி போட்டு, விளிம்பில் இரும்புப் பட்டை பதித்துக் கொடுத்தவன் அவன்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் பகவதியப்பன் ஆளனுப்பி வரவழைத்திருந்தார்.

"இருநூத்து நாப்பது அடி வருது, அண்ணாச்சி. இரும்புக்கு இப்ப பெர்மிட்டு வேணும். வெளியில வாங்கினா அடி ஒரு ரூவாய்க்குக் கொறையாது. கூலி வேற இருக்கு."

"ஆகட்டும்."

"ஒரு வழி உண்டும். முன்பக்கம் மட்டும் இரும்பு போடுவோம். அடுக்களைப் பக்கம் செங்கல்லைச் சரிச்சு நட்டிருவோம். அங்க எவன் வந்து பாக்கப் போறான்? பாதிச் செலவு மிச்சம்."

"அது மதி, அதே போரும்!" சொர்ணம்மாள் முந்திக்கொண்டு சொன்னாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "செங்கல்லத் தாண்டி ஏதாச்சும் உள்ள வருமா, மேஸ்திரி?"

"எலி வரும், ஓணான் வரும். செங்கல்லு என்ன போலீஸ்காரனா அக்கா, கைய நீட்டி மறிக்க?" என்று ஞானையன் சிரித்தான்.

பகவதியப்பன் சிரிக்கவில்லை. அவர் கை கழுத்துத் தாயத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? செலவு பாக்குத நேரமா இது? நீரு இரும்பே போடும் மேஸ்திரி. நடக்குத வழியிலகூட விடப்பிடாது. மண்ணுக்கு அடியில தாத்திப் பதியும்."

ஞானையன் தலையைச் சொறிந்தான். "லண்டன்ல ராணிகூடத் தோட்டத்த இப்பிடி வளைச்சுக் கட்டமாட்டா, அண்ணாச்சி."

ஊர் கேட்டால் பூந்தோட்டம் என்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரனான ஞானையனுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தது. விஷயம் வேறு. மகள் லீலாபாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு கண்ணை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது.

அப்படிப் போனவள் இசக்கிப் பேயாய்த்தான் அலைவாள் என்றது ஊர். உச்சிப் பொழுதில் கிணற்றடியில் அவளைத் தலைவிரி கோலமாய்ப் பார்த்தேன் என்று பால்காரி காய்ச்சலில் விழுந்தாள். வீட்டைச் சுற்றி அறுபடாமல் இரும்பு கிடந்தால் அதைத் தாண்டி அவளால் வர முடியாது என்று மந்திரவாதி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சொர்ணம்மாளுக்கு உறக்கமில்லை. வாழையிலை சரசரத்தால்கூடத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கிணற்றடியைப் பார்த்தபடியே விடிந்துவிடும்.

கயிற்றை இழுத்துக்கொண்டு ஞானையன் அடுக்களைப் பக்கம் வந்தான். படியில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் வாழையிலைத் துண்டில், உப்பும் மிளகாயும் புரட்டிய மாங்காய்க் கீற்றுகள்.

"எனக்காக்கும் இல்லியா, அக்கா?" என்று கையை நீட்டினான்.

"தொடாதீயும்!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கயிற்றையே நழுவவிட்டான். "காக்காய்க்கு… காக்காய்க்கு வச்சதாக்கும்" என்று சொல்லி, அவள் இலையை மடித்து மூடினாள்.

"உப்பும் மிளகாயும் போட்டாத்தான் எறங்குமோ ஒங்க ஊரு காக்காய்க்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் கயிற்றை எடுத்தான்.

பகவதியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "துட்டப் பத்திக் கவலப்படாதீயும். மேற்க நிக்குத ஆஞ்சிலி மரத்த வித்திருதேன். மரம் வாங்குத தடிக்காரன இப்பமே பாத்துப் பேசிட்டு வாறேன். நாளைக்கே வேலையத் தொடங்கிரும்."

நாளைக்கே! அவர் படலைத் திறந்து, சாலையில் இறங்கி, வளைவில் மறையும்வரை சொர்ணம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முற்றத்து நிழல்களெல்லாம் சுருங்கி மரங்களின் காலடியில் ஒடுங்கிவிட்டன. கிணற்றடியில் ஒரு அசைவும் இல்லை. இருந்தும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, அவள் காதுத் தோடுகளைக் கழற்றினாள். ஞானையனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அக்கா, என்னது இது?"

"பையப் பேசும். கிணத்துக்கு நேரா ஒரு எடத்துல இரும்பு வேண்டாம். பலகைய வச்சுக் கறுப்புச் சாயம் அடிச்சிரும். அவிய அறியப்பிடாது."

ஞானையன் அவளையும் தோட்டையும் மாறிமாறிப் பார்த்தான். "ஒரு அடிக்குப் பலகை வச்சா ஒரு ரூவா மிச்சமாவும். அந்த ஒரு ரூவாய்க்கா தங்கத் தோட்டைக் கழத்துதிய?"

"ஒரு அடி போராது." முதல் முறையாக அவள் குரல் நடுங்கவில்லை.

"மூணடியா வையும், மேஸ்திரி. எம் மவ நெறமாசக்காரி… வயிறு இடிக்காம உள்ள வரணும்லா."