யாரும் சிரிக்கவில்லை

"இந்த இடத்துல சிரிக்க என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார் எர்கஷெவ், திரைக்கதையின் நாற்பதாம் பக்கத்தை விரலால் தட்டியபடி.

மேசையில் பச்சைத் தேநீரும் பாதி ரொட்டியும் இருந்தன. எதிரே நுஸ்ரத். இருபது வருஷமாக இப்படி மேசை மேசையாக உட்கார்ந்து தன் நகைச்சுவையை விளக்கிப் பழகியவர்.

"பண்ணைக் கூட்டத்துல தலைவர் ஈ விரட்டக் கையைத் தூக்குறாரு. ஓட்டுப் போடுறாருன்னு நினைச்சு மொத்தக் கூட்டமும் கையைத் தூக்குது. அவ்வளவுதான்."

"தலைவர்னா யாரு?"

"கதையில வர்ற பண்ணைத் தலைவர்."

"அப்போ ஈ யாரு?"

"ஈதாங்க, ஈ."

எர்கஷெவ் அதையும் குறித்துக்கொண்டார். முப்பது வயதுகூட ஆகாத முகம், மழமழவென்று சவரம் செய்திருந்தது. நுஸ்ரத் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கயிறு உருவப்பட்ட பூட்ஸ் சும்மாவே கழன்றுகொண்டிருந்தது. இடுப்பில் பெல்ட்டும் இல்லை. தாஷ்கெண்டின் ரகசியப் போலீஸ் கட்டிடத்துக்குள் அவரைக் கொண்டுவந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

கோகந்த் சந்தையில் கோமாளி வேஷம் கட்டித் தொடங்கியவர். அப்புறம் எழுதினார், அப்புறம் இயக்கினார். ஆறு படம் ஓடியது. ஏழாவது படம் பஞ்சாலைத் தொழிலாளர் மன்றத்தில் ஒரே ஒரு காட்சி. மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து படச்சுருளை அள்ளிப் போய் எரித்துவிட்டார்கள்.

"அப்புறம் ஒரு கிழவர், 'என்னப்பா தீர்மானம்?'னு கேக்குறாரு. பக்கத்துல இருக்கறவன்..." எர்கஷெவ் ஒரு மூச்சு நிறுத்தினார். "'ஈ போகட்டும், சொல்றேன்'ங்கறான். இது திரைக்கதையில இல்லையே. யாரு சேர்த்தது? அந்த நடிகனா?"

"நான்தான். படப்பிடிப்புல சொல்லிக் கொடுத்தேன்."

உண்மையில் அது நடிகர் அந்த நேரத்தில் தானாகச் சேர்த்துச் சொன்னது. அதைச் சொன்னால் நாளைக்கு அவர் இந்த நாற்காலியில் இருப்பார். ஆனாலும் நுஸ்ரத்துக்குள் அற்பமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னால் அந்த வசனம் இந்த அறையில்கூட வேலை செய்கிறதே.

"படம் ஓடும்போது நீங்க திரையையே பாக்க மாட்டீங்களாமே? ஓரமா நின்னு ஜனங்க முகத்தைத்தான் பாப்பீங்களாம். உங்க உதவி இயக்குநர் எழுதிக் கொடுத்திருக்காரு."

"பழக்கம்."

"அப்போ யாரு யாரு சிரிச்சாங்கன்னு தெரிஞ்சிருக்குமே." எர்கஷெவ் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எழுதுங்க. பேர் தெரியலேன்னா அடையாளம் சொல்லுங்க. இருபது பேர் போதும். உங்களுக்கு அஞ்சு வருஷத்தோட முடிச்சுடலாம். வீட்டுல உங்க சம்சாரம் வேற தனியா இருக்காங்க."

நுஸ்ரத் அந்த மன்றத்தை நினைத்துப் பார்த்தார். முக்காட்டுத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிய நெசவுக்காரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்த கணக்கர். பின்வரிசையில் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்ட ஓர் இளைஞன். முன்னூறு முகங்கள். ஒன்றுகூட மறக்கவில்லை.

"யாரும் சிரிக்கல" என்றார்.

"என்னது?"

"படம் சரியா வரல தோழர். எல்லாரும் உம்முனு உக்காந்திருந்தாங்க. நாலு பேர் கொட்டாவிகூட விட்டாங்க."

"மூணு தெரு தள்ளிச் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சுன்னு இங்க எழுதியிருக்கு!"

"பக்கத்துல ஏதாவது கல்யாண வீடா இருந்திருக்கும்."

எர்கஷெவ் மணியை அழுத்தினார்.

நுஸ்ரத்தைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் திரும்ப அழைத்து வந்தபோது மேல்வரிசையில் நான்கு பல் இல்லை. வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கேள்வி அதேதான். காற்று புகுந்த வாயால் அவரும் அதையேதான் சொன்னார். "சிரிக்கல."

கடைசியில் எர்கஷெவ் சொல்லச் சொல்ல, இடது கையால் எழுதினார். 'நான் எடுத்த நகைச்சுவைப் படத்தைப் பார்த்து ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மக்கள் பணத்தை வேண்டுமென்றே பாழாக்கினேன்.' கையெழுத்துப் போடும் முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்நாளில் சம்பாதித்த ஆகப் பெரிய சிரிப்பு, அந்த மன்றத்துச் சிரிப்பு.

பத்து வருஷம். வடக்கே, மரம் வெட்டும் முகாம். நாற்பத்தெட்டு வயதில் அங்கே போகிறவர்கள் பத்து வருஷத்தை முடிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பஞ்சாலையிலிருந்து ஒருவரையும் விசாரணைக்கு அழைக்கவில்லை. அழைக்கப் பட்டியல் இல்லை.

ரயிலேற்றும் நாளன்று எர்கஷெவ் மறுபடி அவரைத் தன் அறைக்கு வரவழைத்தார். காவலரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அவரே நுஸ்ரத்தின் உதட்டில் வைத்தார்.

"எனக்காகத் தெரிஞ்சுக்கணும், அதான் கேக்குறேன். அந்த மன்றத்துல இருந்த எவனும் உங்களுக்குச் சொந்தமில்ல, பந்தமில்ல. பேரைச் சொல்லியிருந்தா பாதியா குறைஞ்சிருக்கும். ஒரே ஒரு பேர்கூட ஏன் சொல்லல?"

நுஸ்ரத் புகையை மெல்ல விட்டார். சாத்திய கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சொல்ல ஆரம்பிச்சா முதல் பேரே உங்க பேராச்சே, தம்பி."