ரவிக்கை மூட்டிய கோள்

ஆட்டோவின் கதவை முழங்காலால் தடுத்துக்கொண்டு, மனைவி பூங்கோதையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் தணிகைவேல்.

"கதவைச் சாத்துங்க ஐயா, கிளம்பணும்" என்றது ஓட்டுநர் இல்லாத அந்த ஆட்டோ.

"நீ சும்மா இரு!" என்று அதை அதட்டிவிட்டு, "ஏறுடி! உன் ரவிக்கை அவசரம்னு சேதி அனுப்பியிருக்கு" என்றார்.

பூங்கோதை சிரித்தாள். மாதவிலக்கு நின்று, சர்க்கரையும் எட்டிப்பார்க்கிற பெண்களுக்குச் சுகாதார நிலையம் கொடுத்த ரவிக்கை அது. சர்க்கரை, கொழுப்பு, மார்பகத் திசுவின் அடர்த்தி என்று உடம்பின் ரகசியங்களை எல்லாம் வீட்டுக்காரரின் போனுக்குக் கோள்மூட்டிவிடும். இரண்டு மாதமாக அது நல்ல சேதியாகவே சொல்ல, தணிகைவேல் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

"சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும். அதுக்குப் போய் இந்த ஆர்ப்பாட்டமா?"

"சர்க்கரை தங்கமாத்தான் இருக்கு. இடது மார்புல அடர்த்தி ஜாஸ்தியாம். அதுக்குள்ள ஒரு கட்டி ஒளிஞ்சிருக்கலாம், இன்னிக்கே ஸ்கேன் எடுங்கன்னு சொல்லுது."

பூங்கோதையின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்ல உங்க அக்கா வீட்டுக்கு விடச் சொல்லுங்க."

"துணைக்கா? நேரமாகுதுடி! இப்ப எதுக்கு அவ?"

"கத்தாதீங்க. தினம் ஜாங்கிரி தின்னுட்டு உங்ககிட்ட மாட்டிக்கக் கூடாதேன்னு அந்த ரவிக்கையைக் கைமாத்திட்டேன். ரெண்டு மாசமா அதைப் போட்டுட்டிருக்கறது உங்க அக்காதாங்க!"