மோதல்கள்: 0

சுக்கானைப் பிடித்திருந்த கை மரத்துவிட்டது.

இரண்டு மணி நேரமாகப் படகைத் துறைச்சுவரில் முட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறான். நான்கு முழ இடைவெளி. விலகினால் படம் எடுப்பவர் கத்துகிறார். நெருங்கினால் திட்ட அதிகாரி கத்துகிறார்.

சுவரில் தொங்குகிறது அது.

படகு வந்து மோதினால், படகுக்கும் நோகாமல் சுவருக்கும் நோகாமல் தாங்கிக்கொள்ளும் ரப்பர் மெத்தை. ரப்பர் மெத்தை என்று சொல்லக்கூடாது. 'நெய்தல் கவசம்'. பந்தலில் கொடுத்த வழவழப்பான கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

சிப்பியைப் பார்த்து வெளி உருவத்தை எடுத்தார்களாம். தேன்கூட்டைப் பார்த்து உள்ளறைகளை எடுத்தார்களாம். நான்கு ஆண்டு ஆராய்ச்சி. படகைப் பார்த்ததாகக் கையேட்டில் இல்லை.

இரண்டு விருது வாங்கியிருக்கிறது. மூன்று மாநாட்டுக்கு விமானத்தில் போய் வந்திருக்கிறது. கடலுக்கு இன்றுதான் வருகிறது.

துறையின் தளத்துக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த அதன் தலையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

உள்ளே சென்சார். ஒவ்வொரு மோதலையும் எண்ணிச் சொல்லும். பந்தலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒளிர்கிறது போர்டு.

மோதல்கள்: 0

சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைப்பார். அவன் படகைக் கொண்டுபோய் மெல்ல முட்டுவான். சுழியம் ஒன்றாகும். கைதட்டுவார்கள்.

அதுவரை எந்தப் படகும் அதைத் தொடக்கூடாது. எண்ணைத் திரும்பச் சுழியத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர் சென்னையில் இருக்கிறார். அவருக்கு அழைப்பிதழ் போகவில்லை.

"கட்டில வாங்கிப் போட்டுட்டுப் படுக்கப்பிடாதுங்காரே மச்சான்."

படகின் முனையில் நின்ற மிக்கேல் சொன்னான். அவனுடைய தங்கை புருஷன்.

சுக்கான் பிடித்தவன் சிரிக்கவில்லை. துறையில் இருந்த எல்லா விசைப்படகுகளிலும் அவன் படகைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெயிண்ட் புதிதாக இருந்ததாம். அதற்காக இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கிறான்.

நேற்றே டயர்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். சுவரில் தொங்கிய லாரி டயர்களை. படகின் விலாவில் தொங்கிய அவனுடைய டயர்களையும். பதினோரு ஆண்டு முட்டு வாங்கியவை. படத்தில் அசிங்கமாக விழுமாம்.

முனையை ஒட்டித் தொங்கிய டயருக்குப் பின்னால் போன மாதம்தான் புதுப் பலகை அடித்திருந்தான். அது விரிந்தால் இந்த சீசன் முழுக்கக் கரையில்தான்.

காற்று திரும்பியது.

அலை ஒன்று வந்தது. பெரிதில்லை. படகைத் தூக்கி, நேராக மெத்தையை நோக்கித் தள்ளியது. விட்டிருந்தால் போய் முட்டி நின்றிருக்கும். அதற்குத்தானே அது.

"தொடாத! தொடாத! ஜீரோ போயிரும்!"

திட்ட அதிகாரி கோட்டு பறக்க ஓடிவந்தார். இரண்டு கைகளையும் விரித்து மெத்தைக்கு மேலே துறை விளிம்பில் நின்றார், அது பெற்ற பிள்ளை என்பதுபோல.

பதினைந்து வயதிலிருந்து கடலில் நிற்பவன் அவன். அந்தக் கத்தலுக்குப் பணிந்தான்.

சுக்கானை ஒடித்தான்.

மெத்தை தப்பியது. படகின் முனை பக்கத்து வெறும் சுவரை நோக்கிப் போனது. புதுப் பலகை இருந்த பக்கம்.

மிக்கேல் யோசிக்கவில்லை. காலை நீட்டினான்.

படகுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் அந்தக் கால்.

சத்தம் சின்னதுதான்.

மிக்கேல் அப்படியே உட்கார்ந்தான். பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே, அதிகாரி போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

மோதல்கள்: 0

நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டார். பிறகு கீழே எட்டிப் பார்த்தார்.

"அஞ்சே நிமிஷம்ப்பா. சார் கேட்டுக்கிட்ட வந்துட்டார். ஒரு முட்டு முட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

தூக்கி ஏற்றலாம் என்றால், ஏணி இருந்த இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள்.

மிக்கேல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்ட முயன்றான். முகம் வெளுத்திருந்தது.

"பலகைக்கு ஒண்ணும் ஆவலல்லா மச்சான்?"



அவன் படகைத் திருப்பினான்.

எதிர்ப்பக்கம் பழைய துறை. டயர்கள் அங்கே இன்னும் தொங்கின. அசிங்கமாக.

பின்னால் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் படகின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். முதலில் மரியாதையாக. பிறகு வா, போ என்று. பிறகு அவன் அம்மாவையும் சேர்த்து.

யாரோ மைக்கை அணைத்தார்கள்.

வாத்தியமும் நின்றது.

டயரில் முட்டி நின்றது படகு. இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து மிக்கேலைத் தூக்கினார்கள். அவன் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டான். இஸ்திரிச் சட்டையில் மிக்கேலின் வியர்வை.

அப்போது தண்ணீருக்கு மேலாகக் கைதட்டல் வந்தது. நீண்ட கைதட்டல்.

திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பக்கம் ஒரு படகும் இல்லை.

மோதல்கள்: 1

போர்டுக்குக் கீழே, துறையின் விளிம்பில், மல்லிகை நசுங்கிய மெத்தைத் தலைக்குப் பக்கத்தில், திட்ட அதிகாரி ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

மற்றக் காலின் ஷூவைக் கழற்றி, விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.