அரை மணி நேர மூச்சு

புருஷனுக்கு மயக்க மருந்தை நிறுத்தியாயிற்று. மெஷின் துணையில்லாமல் அரை மணி நேரம் தானாக மூச்சு விட்டால் தொண்டைக் குழாயை எடுத்துவிடுவார்கள். "பேசுங்கக்கா, பழகின குரல் கேட்டா தைரியம் வரும்" என்கிறாள் நர்ஸ். ஓங்கியே பழகிய அவன் கை, குழாயைப் பிடுங்காதபடி கட்டிலோடு கட்டப்பட்டு, பெட்டிப்பாம்பாய் அடங்கிக் கிடக்கிறது. அந்தக் கை என்றோ முறுக்கியதில் கோணலாகிப்போன தன் சுண்டுவிரலை அதன் உள்ளங்கையிலேயே வைத்து, அவன் காதருகே குனிகிறாள் மனைவி. "சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. இனிமே உங்களுக்கு எல்லாம் நான்தான் பாக்கணும்." அவன் கண்கள் விரிகின்றன. திரையில் நிமிஷத்துக்குப் பதினெட்டில் நின்ற மூச்சு முப்பதைத் தாண்டி நாற்பதுக்கு எகிற, அலாரம் அலறுகிறது. "மூணாவது நாளா தாங்கமாட்டேங்கிறாரே" என்று நர்ஸ் மறுபடி மயக்க மருந்தைத் திறந்துவிடுகிறாள். அவன் இமைகள் கனத்து மூடும்வரை பார்த்திருந்து, நெற்றி வியர்வையைப் பதமாக ஒற்றி எடுக்கிறாள் அவள். "நாளைக்கும் இதே நேரந்தானே, சிஸ்டர்?"