முரண்டு பிடித்த பைக்

"சாயங்காலம் நல்லா ஓடுது, காலைல செத்துப்போகுது. மூணு நாளா இதே கூத்து," என்றான் வுகாஷின்.

பைக்கில் நிஷ் நகரிலிருந்து கிரேக்கக் கடற்கரைவரை போகத் திட்டம். மனைவி தெசாங்கா ஹெல்மெட்டோடு வாசற்படியில் காத்திருந்தாள்.

"உங்கம்மா கண்ணுதான் பட்டிருக்கும்," என்று அவளைச் சீண்டினான்.

"அவங்கதான் நாம எப்படா கிளம்புவோம்னு தவிக்கறாங்க."

மெக்கானிக் ஷிவ்கோ ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். ஈரம் சொட்டியது.

"மழையே இல்லையே, தண்ணி எப்படிப்பா புகுந்துது?"

மாமியார் ஸ்தாமெனா வாளியோடு வெளியே வந்தார்.

"ஊருக்குப் போறவங்க பின்னாடி, பயணம் தண்ணியா ஓடட்டும்னு ஒரு செம்பு ஊத்துவோம் இல்லையா, மாப்பிள்ளை? நீங்க கடல்வரைக்கும் போறீங்களேன்னு தினமும் விடியறப்பவே வண்டி மேல ஒரு வாளி ஊத்தறேன். அப்படியும் கிளம்பலை. நகருங்க, இன்னிக்கு ரெண்டு வாளி."