பதினொரு மணிக்குள்

மூன்றாவது முறையாக அணைத்துப் போட்டும் லேப்டாப் திரையில் அந்த வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மோமிர் பல்லைக் கடித்தார். மணி பத்தாகப் போகிறது. பதினொன்றுக்கு ஜெர்மனியிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் வருவார்கள். அவருடைய மகள் துன்யாவிடம் அரைமணி நேரம் பேசிப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் செப்டம்பரிலிருந்து அவள் அங்கே நர்ஸ். இன்று விட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

அவர் ஊரான கிகிந்தாவைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு அவர் பிரித்துப் போடாத அறுவடை இயந்திரம் கிடையாது. இரண்டு கிலோ எடைகூட இல்லாத இந்தச் சனியன் நாலு நாளாக அவருக்குத் தண்ணி காட்டியது.

என்னதான் செய்யவில்லை? வைரஸ் தேடினார். பழைய படங்களையெல்லாம் அழித்தார். தானாகத் திறந்துகொள்ளும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். போட்டதும் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு அடிப்பாகம் கொதிக்கும், அம்புக்குறி ஓர் அங்குலம் நகர அரை நிமிடம் எடுக்கும்.

அறையும் கொதித்தது. ஜூலை மாதத்தில் இரண்டு ஜன்னல்களும் சாத்திக் கிடந்தன. அது அவர் மனைவி ரூஷாவின் சட்டம். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் நடுவே ஓடும் காற்று கழுத்தைப் பிடிக்கும், இடுப்பைப் பிடிக்கும், ஆளையே சாய்த்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெருவில் யாருக்குமே இல்லை. ஆனால் சாவித்துவாரத்தில் பஞ்சு அடைத்து வைப்பவள் ரூஷா ஒருத்திதான்.

“ஒரு ஜன்னலையாவது தொறந்து தொலையேன். வெந்துடுவேன் போலிருக்கு.”

“வேகு மனுஷா. வெந்து செத்தவன் எவனுமில்ல. காத்துல போனவன்தான் எத்தனையோ பேர்.”

துன்யா மேசையின் மறுபக்கம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

“விடுப்பா. இன்னொரு நாள் பேசிக்கலாம்.”

“இன்னொரு நாள் ஏதுடா கண்ணா?”

பாவம், பிள்ளைக்குப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வருடம், வாரம் மூன்று நாள், ஜெர்மன் வகுப்புக்கு அவரேதான் காரில் கொண்டுபோய் விட்டார். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இனி அடிமூடியைத் திறப்பதுதான் பாக்கி. அதில் ஒரு திருகாணி காலையிலிருந்து முரண்டு பிடித்தது. அதோடு மல்லுக்கட்டியபோது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. அவர் பாட்டுக்கு விரலில் கொஞ்சம், வாயில் கொஞ்சம் என்று பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டார். துன்யாதான் கையைப் பிடித்து இழுத்து, கட்டுத்துணியை மடித்து வைத்து டேப் ஒட்டிவிட்டாள்.

பத்தரைக்குத் திருகாணி ஒருவழியாக வழிக்கு வந்தது. மூடியைத் தூக்கினார்.

உள்ளே விசிறி இருந்தது. அது தள்ளும் சூடு வெளியே போகிற பிளவில், வெளியிலிருந்து செருகிய மாதிரி, ஒரு வெள்ளைத் துணி இறுக்கமாக அடைத்துக்கொண்டிருந்தது.

“ரூஷா! ஜன்னல் முடிஞ்சுது, சாவித்துவாரம் முடிஞ்சுது, இப்ப கம்ப்யூட்டருக்கும் காத்தை அடைச்சுட்டியா?”

ரூஷா துணியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகள் தலையைத் தூக்கவில்லை.

“ஆமா, நான்தான் வெச்சேன். இந்த மிஷின் பொண்ணு கையில காத்தை ஊதிக்கிட்டே இருந்துச்சு. சூடா இருந்தாலும் காத்து காத்துதான்.”

திட்டுவதற்கு நேரமில்லை. துணியை உருவிப் போட்டு, மூடியைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினார். இருபது நொடியில் திரை வந்தது. அம்புக்குறி கை போன பக்கமெல்லாம் ஓடியது. கேமராவில் மூன்று பேரின் முகமும் தெரிந்தது. மணி பத்து ஐம்பது.

“ஓடுதுடா!” மோமிர் மேசையைத் தட்டினார்.

“நல்லதுப்பா,” என்றாள் துன்யா.

குப்பையில் போடுவதற்காக அந்தத் துணியை எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரூஷா என்றால் கிழிந்த காலுறையைச் சுருட்டித் திணித்திருப்பாள். இது கட்டுத்துணி. மூன்றாக மடித்து, ஓரத்து நூல் ஒன்றுகூட வெளியே தெரியாமல் உள்ளே திருப்பி, நுனியில் சிறிய டேப் ஒட்டியிருந்தது.

தன் விரலைப் பார்த்தார். அதே மடிப்பு. அதே டேப்.

இந்த இரண்டு வருடத்தில் பாடம் ஏறுகிறதா என்று கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட் வந்ததா, குளிருக்கு நல்ல பூட்ஸ் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். போக உனக்கு விருப்பமா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

இப்போது கேட்கலாம். கேட்டால் ‘போறேன்ப்பா’ என்றுதான் சொல்வாள்.

பதினொன்றுக்கு லேப்டாப்பில் ஜெர்மனியிலிருந்து அழைப்பு மணியடித்தது. துன்யா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மோமிர் கையை நீட்டி லேப்டாப்பை மூடினார். மணிச்சத்தம் நின்றது.

“செத்துப்போச்சு,” என்றார். “மறுபடி சூடாயிடுச்சு. இது தேறாது.”

வலிக்கத்தான் செய்தது. இரண்டு வருடம் என்பது சும்மா இல்லை. துணியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“தெருவுல கேட்டா, காத்தடிக்குதுன்னு நீ மிஷினையே கொன்னுட்டன்னு சொல்லப்போறேன்.”

“சொல்லு, சொல்லு. நம்புவாங்க.”

ரூஷா எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். பிறகு எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் திறந்தாள். திரும்பி வரும் வழியில் துன்யாவின் கழுத்தில் ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டாள்.